சிறுமூளையும் நாப்பழக்கமும்: ஒரு திறனாய்வு

சொல் என்றவுடன் நம் கருத்து அதன் பொருளிடத்தே செல்லும். அச்சொல்லை வாய் எங்ஙனம் வெளிப்படுத்தியது என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணாமலே அது நிகழ்ந்துவிடுகின்றமையே இதற்குக் காரணம். ஆயினும், மனிதன் அன்றாடம் இயற்றும் உடற்றொழில்களுள் பேச்சினும் நுட்பமானதொன்றைக் காண்டல் அரிது. நெஞ்சிலிருந்து எழும் மூச்சு அளவாக வெளிவரல் வேண்டும். மிடற்றிலுள்ள குரல்நாண்கள் வேண்டுமிடத்து நெருங்கியும் வேண்டாவிடத்து விலகியும் நிற்றல் வேண்டும். மெல்லண்ணம் மூக்கின் வழியைத் திறந்தும் அடைத்தும் உதவல் வேண்டும். நாவும் இதழும் தாடையும் ஒன்றையொன்று இடறாது இயங்கல் வேண்டும். இவையெல்லாம் ஒரு செக்கனில் நான்கு முதல் ஆறு அசைகள் வரை பிறக்கும் விரைவில் நடைபெறுகின்றன.

ஒலி பிறக்கும் உறுப்புக்களைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே ஆராய்ந்தனர். தொல்காப்பியர் பிறப்பியலில் நெஞ்சு, மிடறு, தலை, நா, அண்ணம், பல், இதழ், மூக்கு என்னும் எட்டிடங்களை வகுத்துக் கூறினார். உறுப்புக்களை அவர் காட்டினார். அவ்வுறுப்புக்களை உரிய காலத்தில், உரிய அளவில் இயக்கி இசைவிப்பது யாது என்பது பிற்காலத்து நரம்பியலார்க்கு உரிய வினாவாயிற்று. அவ்வினாவுக்கு அவர் தரும் விடைகளுள் சிறுமூளைக்குச் சிறப்பிடம் உண்டு. எனினும் அச்சிறப்பு எத்தகையது என்பதில் அறிஞர் ஒருமித்தாரல்லர். சிறுமூளை தசைகளை இசைவிக்கும் ஏவலாளே என்பார் ஒரு சாரார். அது பேச்சைப் பயிற்றும் ஆசான் என்பார் மற்றொரு சாரார். மொழியறிவுக்கும் சிந்தனைக்குமே அது துணைநிற்கின்றது என்பார் பிறிதொரு சாரார். இம்மூன்று கொள்கைகளையும் அவற்றின் சான்றுகளோடு வைத்து எடைபோடுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அவ்வுறுப்பின் இயல்பைச் சுருங்கக் காண்போம். நம் பாடநூல்களில் மூளி என்று வழங்கும் சிறுமூளை, தலையின் பிற்புறத்தே, மூளையத்தின் பின்பகுதிக்குக் கீழே அமைந்துள்ளது. நிறையில் அது முழுமூளையின் பத்திலொரு பங்கேயாகும். ஆயின், மனித மூளையில் உள்ள நரம்புக்கலங்கள் ஏறத்தாழ 8,600 கோடி என்றும், அவற்றுள் 6,900 கோடி சிறுமூளையிலேயே உள்ளன என்றும் 2009 ஆம் ஆண்டில் வெளிவந்த கணக்கீடு காட்டிற்று. ஐந்தில் நான்கு பங்கு கலங்களைத் தன்னகத்தே கொண்ட ஓர் உறுப்பை வெறும் துணையுறுப்பு என்று தள்ளிவிடுதல் எளிதன்று. எனினும், கலங்களின் தொகை மிகுதியென்பது மட்டும் தொழிலின் உயர்வுக்குச் சான்றாகாது என்பதையும் நாம் மறத்தலாகாது.

இனி முதற் கொள்கையை நோக்குவோம். பிரெஞ்சு நாட்டு அறிஞர் புளூரான்ஸ் 1824 இல் வெளியிட்ட நூலில், சிறுமூளையை அகற்றிய புறாக்களின் நிலையை விளக்கினார். அவை வலுவிழக்கவில்லை; உணர்விழக்கவுமில்லை. சிறகை அடித்தன, காலை அசைத்தன. ஆனால் அவ்வசைவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இயக்கத்தை உண்டாக்குவது வேறு, இயக்கங்களை ஒழுங்குபடுத்துவது வேறு என்னும் அரிய உண்மை இதனாற் புலனாயிற்று. ஒரு நூற்றாண்டின் பின்னர், முதல் உலகப்போரில் துப்பாக்கிக் குண்டினாற் சிறுமூளை சிதைந்த படைவீரர்களைக் கோடன் ஹோம்ஸ் என்னும் மருத்துவர் நுணுகி ஆராய்ந்து, 1917 இல் தம் முடிபுகளை வெளியிட்டார். அவ்வீரர்களின் கை குறித்த இடத்தைத் தாண்டிச் சென்றது. அன்றி, அதனை எட்டாது நின்றது. அவர்களுடைய பேச்சும் அவ்வாறே இழுபட்டும், திடீரென வெடித்தும், அசை அசையாகத் துண்டுபட்டும் வெளிவந்தது. கைக்கு நேர்ந்த குறையே நாவுக்கும் நேர்ந்தது என்பது தெளிவு.

ஹோம்ஸின் எழுத்துக்களுள் நம் சிந்தனையைப் பெரிதும் கவர்வது, அவருடைய நோயாளி ஒருவர் தம் நிலையை உரைத்த செய்தியாகும். நலமான பக்கத்துக் கை தானாகவே இயங்குகின்றது என்றும், பழுதுற்ற பக்கத்துக் கையின் ஒவ்வோர் அசைவையும் தாம் எண்ணியெண்ணி இயற்றவேண்டியுள்ளது என்றும் அவர் கூறினாராம். ஹோம்ஸ் இதனைக் குறித்துவைத்தார். ஆயினும் அவருடைய கொள்கை இதன் முழுப்பொருளையும் எடுத்துக்கொள்ளவில்லை. இசைவு குன்றியது என்ற அளவில் அவர் நின்றார். எண்ணாமற் செய்யும் ஆற்றல் முதலில் எங்ஙனம் கைவந்தது என்ற வினாவை அக்கொள்கை எழுப்பவேயில்லை. பிறக்கும்போது எவரும் பேசத் தெரிந்து பிறப்பதில்லை. பயின்று பெற்ற ஒன்றே இழக்கப்பட்டது. அப்பயிற்சியைப் பற்றிப் பேசாத கொள்கை பாதிக் கொள்கையே எனல் வேண்டும்.

பேச்சுக் குறையின் வகையை வரையறுப்பதிலும் முன்னோரிடத்து ஒரு மயக்கம் இருந்தது. பாரிசு நகரத்துச் சார்க்கோ 1868 இல் நரம்புத் தடிப்பு நோயொன்றை விளக்கியபோது, அசைகளை அளந்தளந்து உச்சரிக்கும் பேச்சை அதன் அடையாளங்களுள் ஒன்றாகக் கூறினார். பின்வந்தோர் அதனைச் சிறுமூளைக்கே உரிய அடையாளமாகக் கொண்டனர். ஆனால் அந்நோய் மூளையிலும் முண்ணாணிலும் ஆங்காங்கே சிதறிய புண்களை உண்டாக்குவது. அதிலிருந்து ஒரே உறுப்பின் தொழிலை வரையறுத்தல் முறையாகாது. இம்மயக்கத்தைப் பெரிதும் நீக்கியவர் அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த டார்லி, அரன்சன், பிறவுண் என்னும் மூவர். பல்வகை நரம்பு நோயுற்ற 212 பேரின் பேச்சைக் கேட்டு, 38 கூறுகளாகப் பகுத்து, 1969 இல் அவர்கள் தம் ஆய்வை வெளியிட்டனர். சிறுமூளை பழுதுற்றோரிடத்து மெய்யொலிகள் திருத்தமின்றி ஒலிப்பதும், உயிரொலிகள் திரிவதும், எல்லா அசைகளும் ஒரேயளவு அழுத்தம் பெறுவதும், ஒலிப்பு இடையிடையே ஒழுங்கின்றிச் சிதைவதும், பேச்சு மெதுவாதலும் சேர்ந்து காணப்பட்டன. நோயை நோக்கிப் பேச்சை ஊகிக்காமல், பேச்சைச் செவியாற் கேட்டு நோயை வேறுபடுத்தியமை இவ்வாய்வின் சிறப்பு. கேட்போர் செவியையே அளவுகோலாகக் கொண்டமை அதன் குறை. இரு செவிகள் எக்காலும் ஒன்றாகத் தீர்ப்புக் கூறா.

இக்குறிகள் அனைத்தையும் கோத்து நோக்கினால் அவற்றினூடே ஓடும் இழை ஒன்று தென்படும். அது காலம். ஐவிறியும் கீலியும் 1989 இல் காட்டியவாறு, சிறுமூளை பழுதுற்றோர் விரலாற் சீராகத் தட்டுவதில் மட்டுமன்றி, இரண்டு ஒலிகளுக்கு இடைப்பட்ட கால அளவை மதிப்பிடுவதிலும் தடுமாறினர். அக்கமனும் அவர் குழுவினரும் 1997 இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. சேர்மன் மொழியில் இரண்டு சொற்கள் நடுமெய்யின் அடைப்பு நீளும் கால அளவினாலேயே வேறுபடுகின்றன. சிறுமூளை நோயுற்றோர் தாம் பேசுவதில் மட்டுமன்றி, பிறர் பேசக் கேட்டு அவ்விரு சொற்களையும் பிரித்தறிவதிலும் இடர்ப்பட்டனர். தமிழறிந்தார்க்கு இச்செய்தி தனிச்சுவை பயப்பதாகும். நம் இலக்கணம் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என வகுத்து, மாத்திரையைக் கண்ணிமைக்கும் பொழுதாலும் கைந்நொடிக்கும் பொழுதாலும் அளந்தது. கல் என்பதும் கால் என்பதும், படு என்பதும் பட்டு என்பதும் கால அளவு மாறப் பொருள் மாறும் சொற்கள். கால அளவே பொருளைத் தாங்கும் மொழியில், அக்காலத்தை அளக்கும் நரம்பமைப்புப் பழுதுபடின், அழகு மட்டுமன்றிப் பொருளும் கெடும் என்பது ஒருதலை.

இரண்டாங் கொள்கை, சிறுமூளையை முன்னறிந்து கற்கும் உறுப்பாகக் கொள்வது. இதன் அடிப்படை எளிய ஒரு கணக்கில் உள்ளது. ஒருவன் தன் குரலைத் தானே கேட்டுப் பிழையறிந்து திருத்துவதற்குச் செக்கனின் பத்திலொரு பங்கினும் கூடுதலான பொழுது செல்லும். ஆனால் விரைந்த பேச்சில் ஓர் ஒலி அப்பொழுதுக்குள் பிறந்து மறைந்துவிடும். ஆதலாற் செவியை மட்டும் நம்பிப் பேசுபவன் எப்பொழுதும் காலந்தாழ்த்தே திருத்துவான். பேச்சு ஓடவேண்டுமாயின், இவ்வாறு நாவை அசைத்தால் இவ்வாறு ஒலிக்கும் என்பதனை மூளை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். பயிற்சியால் வந்த இம்முன்னறிவைச் சிறுமூளை காத்து வைத்து, பிழை நேருந்தோறும் திருத்திக்கொள்கின்றது என்பது இக்கொள்கை.

சிறுமூளையின் மேற்பட்டையிலுள்ள கலங்களின் அமைப்பு இதற்கு இடந்தருகின்றது. அங்குள்ள புர்க்கின்யே கலம் ஒவ்வொன்றும் இருவகைச் செய்திகளைப் பெறுகின்றது. நூறாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் உடலின் நிலையையும் நிகழவிருக்கும் செயலையும் உணர்த்துகின்றன. ஒரேயொரு வலிய இழை, கொடிபோல அக்கலத்தைச் சுற்றிப் படர்ந்து, பிழை நேர்ந்தது என்னும் எச்சரிக்கையைக் கொணர்கின்றது. இவ்வமைப்பைக் கற்கும் பொறியாக இங்கிலாந்தில் மார் 1969 இலும், அமெரிக்காவில் அல்பஸ் 1971 இலும் விளக்கினர். பிழைச்செய்தி வருங்கால் உடனியங்கிய இணைப்புக்கள் வலுப்பெறும் என்றார் மார். வலுக்குன்றும் என்றார் அல்பஸ். வலுக்குன்றுதலே நிகழ்கின்றது என யப்பானிய அறிஞர் இட்டோவும் அவர் குழுவினரும் 1982 இல் ஆய்வுகூடத்திற் காட்டினர். எனினும், இவ்வகை வலுக்குன்றல் நிகழாதவாறு செய்யப்பட்ட எலிகளும் பழுதின்றிக் கற்றன என்று 2011 இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகின்றது. ஆகவே சிறுமூளை கற்கின்றது என்பது வேறு. அது இந்த ஒரே வழியாற் கற்கின்றது என்பது வேறு. முன்னதற்குச் சான்று வலிது. பின்னது இன்னும் வழக்கில் உள்ளது.

பேச்சிலேயே இக்கொள்கையைச் சோதிக்க முடியுமா? முடியும் என்று ஹவுடும் ஜோர்டனும் 1998 இல் காட்டினர். ஒருவர் மெல்லப் பேசும் சொல்லின் உயிரொலியைக் கருவியாற் சிறிது திரித்து, உடனுக்குடன் அவர் செவியிலேயே சேர்த்தனர். சிறிதுநேரத்தில் அவர் தம்மையறியாமலே நாவின் நிலையை எதிர்த்திசையில் மாற்றிக்கொண்டார். செவியில் இரைச்சலை நிரப்பித் தம் குரலைக் கேளாதவாறு செய்தபோதும் அம்மாற்றம் நீடித்தது. பயிலாத சொற்களிலும் தோன்றியது. எனவே அது அப்போதைக்கப்போது செய்த திருத்தமன்று, கற்றறிந்த பழக்கம். பரலும் அவர் குழுவினரும் 2017 இல் இம்முறையைச் சிறுமூளை நலிவுற்றோரிடத்துக் கையாண்டனர். விளைவு மிகவும் பொருள் பொதிந்தது. அந்நோயாளர் புதிய நிலைக்கு ஏற்பப் பழகிக்கொள்வதில் குறைபட்டனர். ஆனால் எதிர்பாராது குரல் திரிந்து கேட்டபோது உடன் திருத்திக்கொள்வதில் ஏனையோரை விஞ்சினர். முன்னறிவு குன்றியமையால் அவர்கள் செவியையே மிகுதியும் சார்ந்து நிற்கின்றனர் என்பதே இதன் கருத்து. ஹோம்ஸின் நோயாளி ஒவ்வோர் அசைவையும் எண்ணியெண்ணிச் செய்தார் என்ற பழைய செய்தி ஈண்டு புத்துயிர் பெறுகின்றது.

செவிப்புலன் இழந்தோர் நிலை இதற்கு மறுதலையான சான்று. பேச நன்கு கற்ற பின்னர்ச் செவிடானவர் மறுநாளே பேச்சிழப்பதில்லை. அவருடைய பேச்சு நெடுங்காலம் விளங்கக் கூடியதாகவே இருந்து, சிறிது சிறிதாகவே திருத்தங்குன்றும். கற்ற பழக்கம் செவியின் உதவியின்றியும் நிற்கும் என்பதும், அதனைச் செம்மையாகக் காப்பதற்குச் செவி வேண்டும் என்பதும் இதனால் விளங்கும்.

இவ்விரண்டாங் கொள்கை முதற் கொள்கையை மறுப்பதன்று. அதனை உள்ளடக்கி மேற்செல்வது. ஆயினும் அதற்கும் எல்லையுண்டு. சீனநாட்டில் 24 வயதுப் பெண்ணொருத்தி சிறுமூளையே இல்லாது பிறந்து வளர்ந்தமை 2014 இல் வெளியிடப்பட்டது. அவள் ஆறு வயதளவில்தான் பிறர்க்கு விளங்கப் பேசினாள்; ஏழு வயதளவில்தான் துணையின்றி நடந்தாள். வளர்ந்த பின்னும் அவள் பேச்சிற் குழறல் இருந்தது. ஆயின் பிறர் கூறியதை விளங்குவதிலும் தான் கருதியதைச் சொல்வதிலும் குறையில்லை. இதிலிருந்து இருவகைப் பிழைமுடிபுகளை ஒருவர் எய்தக்கூடும். சிறுமூளையின்றியும் பேசலாம், ஆதலால் அது தேவையற்றது என்பது ஒன்று. ஆறாண்டு தாழ்ந்தமையால் மொழி முழுவதும் அதனையே சார்ந்தது என்பது மற்றொன்று. உண்மை இவற்றிடையே உள்ளது. பேச்சு பிறப்பதற்குச் சிறுமூளை இன்றியமையாததன்று. உரிய காலத்தில், திருத்தமாகவும் இயல்பாகவும் பிறப்பதற்கு இன்றியமையாதது. பிறவியிலேயே ஓர் உறுப்பில்லாத மூளை வேறுவழி தேடிக்கொள்ளும். வளர்ந்த மூளைக்கு அவ்வாய்ப்புக் குறைவு. இதனாலேயே, சிறுமூளையின் நடுப்பகுதியிலுள்ள கட்டியை அகற்றும் சத்திரசிகிச்சைக்குப் பின்னர்ச் சிறுவர் சிலர் ஓரிரு நாளிற் பேச்சொழிந்து, கிழமைகளோ மாதங்களோ மௌனமாய் இருந்து, பின் குழறிக் குழறிப் பேச்சை மீளப் பெறுகின்றனர். அத்தகைய கட்டிகளுள் ஒருவகைக்குச் சிகிச்சை பெறும் சிறுவருள் ஏறத்தாழக் காற்பங்கினர்க்கு இது நேர்கின்றது.

சிறுமூளையின் எப்பக்கம் பேச்சுக்குரியது என்ற வினாவிலும் அவசரமுடிபுகள் நேர்ந்துள்ளன. இடப்பக்கச் சேதத்தாலேயே பேச்சு மிகுதியும் கெடுகின்றது என்று லெக்டன்பேர்க்கும் கில்மனும் 1978 இல் எழுதினர். பின்னர் வந்த ஆய்வுகள், குருதியோட்டம் தடைப்பட்டு வரையறுத்த இடத்தில் மட்டும் பழுதுற்றோரை நோக்கி, நடுக்கோட்டை அடுத்த மேற்பகுதியையும், பெரும்பாலும் வலப்பக்கத்தையும் சுட்டின. பேச்சு மூளையத்தின் இடப்பாதியை மிகுதியும் சார்ந்தது. சிறுமூளை எதிர்ப்பக்க மூளையத்தோடு தொடர்புடையது. ஆதலால் வலப்பக்கம் என்பதே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

மூன்றாங் கொள்கையே இக்காலத்தில் மிகுந்த ஆரவாரத்தோடு பரவுவது. லைனர் இணையரும் டவ் என்பாரும் 1986 இல், சிறுமூளை மனத்தின் ஆற்றல்களுக்கும் துணைசெய்யக்கூடும் என்ற கருத்தை முன்வைத்தனர். 1988 இல் பீற்றர்சனும் பிறரும், பெயர்ச்சொல் ஒன்றைக் கேட்டு அதற்கேற்ற வினைச்சொல்லைக் கூறும்போது, வாயசைவின் பங்கை நீக்கிய பின்னும் சிறுமூளையின் வலப்புறம் முனைந்தியங்குவதைப் படம்பிடித்துக் காட்டினர். வலச்சிறுமூளை பழுதுற்ற ஒருவர், அறிவுக்கூர்மை குன்றாதவராயிருந்தும், அத்தகைய பயிற்சியில் முன்னேறாமை 1992 இல் வெளியிடப்பட்டது. ஆனால் ஒருவரின் நிலையைக் கொண்டு உலகத்துக்கு விதி வகுத்தல் தகாது. 1997 இல் இன்னும் பல நோயாளரைச் சோதித்தபோது அவர்கள் அப்பயிற்சியிற் பிறரை ஒத்தே செயற்பட்டனர். சிமாமனும் செர்மனும் 1998 இல் 20 நோயாளரிடத்துக் கண்ட சொல்வளக் குறைவு, திட்டமிடுதலில் தடுமாற்றம், உணர்ச்சிமாற்றம் ஆகியவை புறக்கணிக்கத் தக்கவையல்ல. கை குறியைத் தாண்டுவதுபோலச் சிந்தனையும் அளவு தவறும் என்னும் ஒப்புமை கேட்பதற்கு இனியது. எனினும் ஒப்புமை விளக்கமாகாது. கையின் பிழையை அளவுகோலால் அளக்கலாம்; சிந்தனையின் பிழையை எதனால் அளப்பது? இவ்வினாவுக்கு விடை வரும்வரை இக்கொள்கையை வாய்ப்புடையது என்று கொள்ளலாமேயன்றி நிலைநாட்டப்பட்டது என்று கொள்ளலாகாது.

ஆகவே நம் முடிபு இது. முதற் கொள்கை உண்மை, ஆனால் நிறைவற்றது. இரண்டாவது நிறைவானது, பயிற்சியையும் பழுதையும் ஒருங்கே விளக்குவது, நுட்பங்களில் மட்டும் ஐயத்துக்கு இடமளிப்பது. மூன்றாவது உரிய தன்மையை மிஞ்சி உரைக்கப்படுவது. சிறுமூளை சொல்லை ஆக்குவதன்று. ஆக்கிய சொல்லை நாவுக்குப் பழக்கி, பழகியதைக் காத்து, பிழைத்ததைத் திருத்துவது.

இம்முடிபு கல்வியுலகத்தாருக்கு இரண்டு கடமைகளை உணர்த்துகின்றது. ஒன்று பயிற்றும் முறையைப் பற்றியது. நாவின் நிலையை விதியாக ஒப்புவிக்கச் செய்தலால் மட்டும் ழகரமும் ளகரமும் மாணாக்கர் வாயிற் செம்மையாகா. அவர் ஒலித்தல், தாம் ஒலித்ததைத் தாமே கேட்டல், வேறுபாட்டை உணர்தல், மீண்டும் ஒலித்தல் என்னும் சுழற்சியே சிறுமூளை கற்கும் வழி. பிழை இவ்வழியில் இழுக்கன்று; பிழையின்றேல் திருத்தத்துக்கு முதலே இல்லை. பிழைத்த மாணவனை நகையாடி வாய்மூடச் செய்யும் வகுப்பறை, அவன் மூளை கற்பதற்கு வேண்டிய பொருளையே பறித்துவிடுகின்றது.

மற்றையது அதனினும் பெரியது. சிறுமூளை பழுதுற்றவர் தள்ளாடி நடப்பர், குழறிப் பேசுவர். கண்டோர் அவரை மதுவுண்டவர் என்று இகழ்தலும், மந்தபுத்தியுடையவர் என்று ஒதுக்குதலும் எந்நாட்டிலும் நிகழ்வனவே. மது முதலில் தாக்கும் உறுப்புக்களுள் சிறுமூளையும் ஒன்றாதலின் அத்தோற்றம் ஒத்திருக்கின்றது, காரணம் ஒவ்வாது. சிறுமூளையே இல்லாத பெண் பிறர் சொல்லை விளங்கினாள், தன் கருத்தை உரைத்தாள் என்பதை மேலே கண்டோம். நா தடுமாறுவதைக் கொண்டு அறிவை அளப்பவர், முதற் கொள்கையினரும் அறிந்திருந்த உண்மையைக்கூட அறியாதவராவர். அத்தகைய மாணவனொருவன் விடைகூற எழுவானாயின், அவன் ஒவ்வோர் அசையையும் எண்ணியெண்ணி ஒலிக்கின்றான் என்பதை உணர்ந்து, அவன் சொல்லி முடிக்குந்துணையும் பொறுத்திருந்து கேட்டல் ஆசிரியர்க்கும் உடன்மாணவர்க்கும் கடனாகும்.